இருமுறை “வேண்டாம்” என்ற நாடு

(கட்சியின் படிப்பு வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுப் பெரியவர்கள் அடங்காத பிள்ளையைப் பார்த்து, “இவன் சரியான எம்டன்” என்பார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் செர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து குண்டு வீசிற்று; எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பட்டணத்தை விட்டு மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடினார்கள். கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் நம் நாவிலே தங்கிவிட்டது.

அந்த எம்டனை முடித்தவர் யார் என்று நம்மில் பலர் கேட்டதில்லை. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே அதைத் தாக்கிச் சிதைத்தது, ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ என்னும் போர்க்கப்பல். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து இளைஞர்களை முதன்முதலாகப் போர்முனைக்கு ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்குக் காவலாக வந்த கப்பல் அது. நம் கடற்கரையில் எரிந்த நெருப்பும், அந்தத் தொலைநாட்டு இளைஞர்கள் புறப்பட்ட பயணமும் ஒரே போரின் இரு காட்சிகள். அந்த இளைஞர்களுக்கு என்ன நேர்ந்தது, அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் என்ன நடந்தது, அந்த நாட்டின் தொழிற்கட்சி எத்தகைய சோதனைக்கு ஆளாயிற்று என்பதே இன்றைய பேச்சு. வீரக்கதை சொல்ல நான் வரவில்லை. கட்சி நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கடைசி மனிதன், கடைசி ஷில்லிங்

1914இல் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை ஐம்பது இலட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆறு குடியேற்றங்கள் ஒன்றாகி ஒரு நாடாகிப் பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரிட்டன் போர் தொடுத்தது; ஆஸ்திரேலியாவும் போரில் இறங்கிற்று. “தனியே முடிவு செய்தீர்களா?” என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பேரரசு போரில் இருந்தால் குடியேற்ற நாடும் போரில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது தேர்தல் நேரம். தொழிற்கட்சித் தலைவர் ஆண்ட்ரூ பிஷர் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். அவரே, கடைசி மனிதன் வரையிலும் கடைசி ஷில்லிங் வரையிலும் பிரிட்டனுக்குத் துணை நிற்போம் என்று மேடையில் முழங்கினார். வென்றார், பிரதமரானார். கடைசி மனிதன் யார் வீட்டுப் பிள்ளை, கடைசி ஷில்லிங் யார் மடியில் இருந்தது என்ற கேள்விகள் அன்று எழவில்லை. பிறகு எழுந்தன.

போர் முடிவதற்குள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தனர். 3,30,000 பேருக்கு மேல் கடல் கடந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் திரும்பவேயில்லை. அத்தனை பேரும் தாமே முன்வந்து சேர்ந்தவர்கள். கட்டாயத்தால் கடல் கடந்தவர் ஒருவரும் இல்லை! இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் அச்சாணி அதுதான்.

1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் அவர்களை இறக்கினார்கள். எதிரே செங்குத்தான மேடு. மேட்டின் மேலே துப்பாக்கிகள். அதே கரையில் இந்தியப் பீரங்கிப் படையினரும், கோவேறு கழுதைகளில் உணவும் நீரும் சுமந்த இந்தியர்களும் இறங்கினார்கள். அடிமை நாட்டு மக்களும் ஆளும் நாட்டின் கிளைமக்களும் ஒரே மண்ணில், யாருக்காகவோ மடிந்தார்கள். எட்டு மாதங்கள்! ஆகஸ்ட் 7 அன்று ‘நெக்’ என்னும் குறுகிய மேட்டில் குதிரைப்படை வீரர்களைக் கால்நடையாகவே, வரிசை வரிசையாகப் பாயச் சொன்னார்கள். முதல் வரிசை சாய்ந்தது. அதைக் கண்ணாரக் கண்ட பின்பும் இரண்டாம் வரிசையை ஏவினார்கள். பிறகு மூன்றாவது, அதற்குப் பிறகும் நான்காவதில் ஒரு பகுதி. சிறிது நேரத்திலேயே 234 பேர் பிணமானார்கள். பிடித்த நிலம் ஒரு முழம்கூட இல்லை. டிசம்பரில் இரவோடிரவாகப் படைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியர் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணிலேயே தங்கிவிட்டனர்.

அடுத்து பிரான்ஸ். 1916 ஜூலை 19 அன்று புரொமெல் என்னும் ஊரில், ஒரே இரவில் 5,533 ஆஸ்திரேலியர் மாண்டும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். அதன் பின் பொசியேர். அங்கே ஏழு வாரத்துக்குள் 23,000 பேர். ஐம்பது இலட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இந்தக் கணக்கு எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

வீட்டு வாயிலில் போர்

போர்முனை பன்னிரண்டாயிரம் மைல்களுக்கு அப்பால் என்றாலும், போர் வீட்டு வாயிலுக்கே வந்தது. மகன் இறந்த செய்தியைச் சொல்லும் பொறுப்பைப் பாதிரிமார்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். பாதிரியார் தெருவில் நுழைந்தால் தெருவே நடுங்கும். எந்த வீட்டுக் கதவைத் தட்டப்போகிறார் என்று தாய்மார்கள் சாளரத்தின் பின்னே நின்று பார்ப்பார்கள். ஆறுதல் சொல்ல வந்தவரையே எமனாகக் காணும் நிலையைப் போர் உண்டாக்கிவிட்டது!

விலைவாசி ஏறிற்று, கூலி ஏறவில்லை. விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் பெற மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவோம் என்று தொழிற்கட்சி அரசு சொல்லியிருந்தது. பிஷர் விலகியபின் 1915 அக்டோபரில் பிரதமரான வில்லியம் மோரிஸ் ஹியூஸ், அந்த வாக்கெடுப்பைக் கைவிட்டார். பொருளுக்கு விலை வைக்கும் முதலாளியைக் கட்டாயப்படுத்த மனம் வரவில்லை. உயிருக்கு விலை வைக்கும் சட்டத்தைக் கொண்டுவர மட்டும் மனம் வந்தது!

யார் இந்த ஹியூஸ்? மாளிகையில் பிறந்தவர் அல்லர். துறைமுகத் தொழிலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவர், தொழிற்கட்சியை வளர்த்தவர்களில் ஒருவர், சொல்வன்மை மிக்கவர். 1916இல் இலண்டன் சென்றார். அங்கே மாலைகள், விருந்துகள், பாராட்டுகள். திரும்பி வந்தபோது, கட்டாயப் படைச்சேர்ப்பு வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தார்.

நாட்டைக் காக்க உள்நாட்டுப் பணிக்குக் கட்டாயப்படுத்த அன்றைய சட்டம் இடம் தந்தது. கடல் கடந்து அனுப்ப இடம் தரவில்லை. சட்டத்தை மாற்ற மேலவையில் ஆதரவு இல்லை. அவரது கட்சியே எதிர்த்தது. 1916 மே மாதம் மெல்பர்னில் கூடிய தொழிற்சங்க மாநாடு ஏற்கெனவே எதிர்ப்பைத் தீர்மானமாக அறிவித்திருந்தது. ஆகவே, மக்களையே கேட்கிறேன் என்று பொதுவாக்கெடுப்புக்கு நாள் குறித்தார். 1916 அக்டோபர் 28.

வாக்குச்சீட்டும் துப்பாக்கியும்

போருக்கு ஆள்பிடிக்கலாமா என்று மக்களையே கேட்ட நாடுகள் உலகில் மிகச் சில. கேட்ட பெருமை ஒருபுறம் இருக்கட்டும். கேட்ட முறையைப் பாருங்கள். வாக்குச்சீட்டில் ‘கான்ஸ்கிரிப்ஷன்’ (கட்டாயப் படைச்சேர்ப்பு) என்ற சொல்லே இல்லை! வாக்கெடுப்புக்கு முன்பே, மணமாகாத இளைஞர்கள் முகாமுக்கு வந்து பதிவு செய்யவேண்டும் என்ற ஆணை பிறந்தது. வாக்குச்சாவடியிலேயே இளைஞர்களை நிறுத்தி, “ஆணைக்குக் கீழ்ப்படிந்தாயா?” என்று கேட்க ஏற்பாடு செய்ய முனைந்தார் பிரதமர். அந்தச் செயல் பொறுக்காமல், வாக்கெடுப்புக்கு முதல் நாள் அமைச்சர்கள் மூவர் பதவியை உதறினார்கள்.

பெரிய நாளேடுகளில் பெரும்பாலானவை அரசின் பக்கம். செல்வர்கள், வணிக மன்றங்கள், ஆங்கிலத் திருச்சபை எல்லாம் அந்தப் பக்கம். எதிர்ப்பக்கத்தில் யார்? தொழிற்சங்கங்கள். வைடா கோல்ட்ஸ்டீன், அடிலா பாங்க்ஹர்ஸ்ட் ஆகியோரின் பெண்கள் அமைதிப் படை. டப்ளினில் அந்த ஆண்டு எழுந்த ஐரிஷ் கிளர்ச்சியை பிரிட்டன் குருதியில் தோய்த்ததைக் கண்டு கொதித்த ஐரிஷ் வழிவந்தோர். அவர்களுடைய சமயத் தலைவர் டேனியல் மானிக்ஸ். அறுவடைக்கு ஆள் இல்லாமல் போகுமே என்று அஞ்சிய உழவர்கள். கோயிலுக்குப் போகிறவனும் போகாதவனும் ஒரே மேடையில் நின்றார்கள். இளம் தொழிற்சங்க ஊழியர் ஒருவர் ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்துச் சில நாள் சிறையில் இருந்தார். அவர் பெயர் ஜான் கர்ட்டின். அந்தப் பெயரை மறவாதீர்கள். பின்னால் மீண்டும் வருவார்.

உலகத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த பன்னிருவரைச் சிட்னியில் தீவைப்புச் சதி வழக்கில் சிறைப்பிடித்து, வாக்கெடுப்பு வேளையில் நாடெங்கும் அச்சத்தைக் கிளப்பினார்கள். ஐந்து முதல் பதினைந்து ஆண்டு வரை தண்டனை. 1920இல் மறுவிசாரணைக்குப் பின் பன்னிருவரில் பதின்மர் விடுதலையானார்கள். வழக்கின் வலிமை எத்தகையது என்பதை அதிலிருந்தே அறியலாம்.

முடிவு என்ன? வேண்டும் என்றோர் 10,87,557. வேண்டாம் என்றோர் 11,60,033. வேறுபாடு 72,476 வாக்குகள்! படைவீரர்களும் வாக்களித்தார்கள். அவர்களில் 72,399 பேர் வேண்டும் என்றார்கள். 58,894 பேர் வேண்டாம் என்றார்கள். தாமே விரும்பிச் சேர்ந்து, துப்பாக்கி ஏந்தி நின்ற அத்தனை பேர், “வர விரும்பாதவனை இழுத்து வராதீர்” என்று எழுதினார்கள். அவர்களைக் கோழைகள் என்று எந்த வாய் சொல்லும்?

தலைவரா, கொள்கையா?

தோழர்களே! இப்போதுதான் நமக்கான பகுதி வருகிறது.

வாக்கெடுப்புக்கு முன்பே நியூ சவுத் வேல்ஸ் தொழிற்கட்சி, நாட்டின் பிரதமரை, தன் சொந்தத் தலைவரைக் கட்சியிலிருந்து நீக்கிற்று. நவம்பர் 14 அன்று நாடாளுமன்றக் கட்சிக் கூட்டம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. தீர்மானம் வாக்குக்கு வருமுன்பே ஹியூஸ் எழுந்தார். தம்மைப் போல எண்ணுவோர் தம்மோடு வருக என்று அழைத்து வெளியேறினார். இருபதுக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தனர். நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்களோடு சேர்ந்து புதுக்கட்சி கண்டார். 1917 மே மாதத் தேர்தலில் வெற்றியும் பெற்றார்.

கொள்கையைக் காத்த கட்சிக்குக் கிடைத்த பரிசு என்ன? 1929 வரை, ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள், மத்திய ஆட்சியிலிருந்து வனவாசம். இதை மறைத்துப் பேசினால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். கொள்கைக்கு விலை உண்டு. அந்த விலை சிறியதன்று.

1917 டிசம்பர் 20 அன்று ஹியூஸ் மீண்டும் கேட்டார். இந்த முறை சனிக்கிழமையை விட்டு வியாழக்கிழமை வாக்கெடுப்பு; வேலைநாளில் தொழிலாளி எப்படி வருவான் பார்க்கலாம் என்பதுபோல! எதிரிநாடுகளில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களின் வாக்குரிமையைப் பறித்தார்கள். குவீன்ஸ்லாந்து சட்டமன்றத்தில் அதன் முதல்வர் இரயன் நிகழ்த்திய எதிர்ப்புரையை மக்கள் படிக்கக்கூடாதென்று, பிரிஸ்பேன் அரசு அச்சகத்தில் புகுந்து சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பின் படிகளையே பறிமுதல் செய்தார்கள். வார்விக் என்னும் ஊரில் ஒருவர் வீசிய முட்டை பிரதமரின் தொப்பியைத் தட்டிவிட்டது. உள்ளூர்ப் போலீஸ் தமக்குத் துணை நிற்கவில்லை என்று சினந்து, மத்திய அரசுக்குத் தனிப் போலீசையே உருவாக்கினார் ஹியூஸ். ஒரு முட்டையிலிருந்து ஒரு காவல்துறை பிறந்தது!

விடை? வேண்டாம் என்றோரின் மிகுதி 1,66,588ஆக உயர்ந்தது. தோற்றால் ஆட்சி நடத்தமாட்டேன் என்று சூளுரைத்தவர், 1918 ஜனவரியில் பதவி விலகினார். கவர்னர் ஜெனரல் திரும்ப அவரையே அழைத்தார். அவரும் அதே நாற்காலியில் மீண்டும் அமர்ந்தார். பதவியைத் துறப்பதும் ஒரு கலை போலும்!

வெற்றியில் படிந்த கறை

இந்த வெற்றியைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடலாம். கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் உண்மை அவ்வளவு தூயதாக இல்லை.

நம் ஆண்கள் போனால் அவர்கள் இடத்தில் நிறம் வேறான கூலியாட்கள் வந்துவிடுவார்கள் என்று எதிர்ப்பாளர்களில் பலர் மேடைதோறும் பேசினார்கள். ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்பது அன்று தொழிற்கட்சியின் கொள்கை. வாக்கெடுப்பு நெருங்கிய வேளையில் மால்டாத் தீவிலிருந்து பிழைப்புத் தேடி 214 பேர் ஒரு கப்பலில் வந்தார்கள். அவர்களும் பிரிட்டிஷ் குடிகளே. அவர்களுக்கு டச்சு மொழியில் எழுத்துத் தேர்வு வைத்தார்கள்! தெரியாத மொழியில் தேர்வு, தோல்வி, நுழைவு இல்லை. கட்டாயத்தை எதிர்த்த வாய், நிறவெறியையும் பேசிற்று. உழைப்பாளியின் பகைவன் மற்றோர் உழைப்பாளியே என்று சொல்லும்போது, முதலாளி மெல்ல நகைக்கிறான்.

அந்த மண்ணின் மூத்த குடிகளின் நிலை இன்னும் கொடிது. ஐரோப்பிய வழி வராதவரைப் படையில் சேர்க்காதே என்றது விதி. ஆள் குறைந்ததும் 1917இல் விதியைத் தளர்த்தினார்கள். சட்டத்தின் சந்துபொந்துகளில் நுழைந்தும், பிறப்பை மறைத்தும், ஏறத்தாழ ஆயிரம் பேர் போரிட்டார்கள். திரும்பிய வெள்ளை வீரனுக்குக் குடியேற நிலம் கொடுத்தார்கள். மூத்தகுடி வீரருக்கோ, மிகச் சிலரைத் தவிர, எதுவும் இல்லை. அவர்கள் வாழ்ந்த ஒதுக்கு நிலங்களையே துண்டாடிப் பிற வீரர்களுக்குக் கொடுத்த கொடுமையும் நடந்தது. மூத்த குடிகள் அனைவருக்கும் தேசியத் தேர்தலில் வாக்குரிமை 1962இல்தான் வந்தது. குண்டு சாதி பார்க்கவில்லை. குண்டுக்குப் பின் வந்த அரசு பார்த்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் சமுதாயத்தை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

கர்ட்டின் எடுத்த முடிவு

மறவாதீர்கள் என்றேனே, அந்த ஜான் கர்ட்டின் 1941 அக்டோபரில் பிரதமரானார். நான்கே மாதங்களில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏறத்தாழ 15,000 ஆஸ்திரேலியர் சப்பானியரிடம் சிறைப்பட்டனர். பிப்ரவரி 19 அன்று டார்வின் துறைமுகத்தில் குண்டுமழை; இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர் இப்போது பன்னிரண்டாயிரம் மைல் தொலைவில் இல்லை.

கட்டாயத்தை எதிர்த்துச் சிறை சென்ற அதே மனிதர், கட்டாயப்படையினரை நாட்டின் எல்லைக்கு வெளியே, தென்மேற்குப் பசிபிக்கின் வரையறுத்த பகுதிக்குள் அனுப்பலாம் என்று கேட்கவேண்டிய நிலை வந்தது. தோழர்கள் சீறினார்கள். ஆர்தர் கால்வெல் கடுமையாக எதிர்த்தார். கர்ட்டின் செய்தது என்ன? கட்சி மாநாட்டின் முன் நின்றார், காரணம் சொன்னார், கிளைகளுக்கு விட்டார், காத்திருந்தார். ஒப்புதல் வந்த பிறகே 1943 பிப்ரவரியில் சட்டம் செய்தார். அவர் செய்தது சரியா, பிழையா என்று நீங்கள் வாதிடலாம், வாதிடவேண்டும். ஆனால் ஹியூஸ் கட்சியைத் தாண்டிச் சென்றார். கர்ட்டின் கட்சி வழியே சென்றார். முன்னது கட்சியை உடைத்தது, பின்னது உடைக்கவில்லை.

சிங்கப்பூரிலும் பிற இடங்களிலும் சிறைப்பட்டவர்களில் ஏறத்தாழ 13,000 ஆஸ்திரேலியரைச் சயாம்–பர்மா இரயில் பாதை போட இழுத்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர், காடு, மலை, காலரா, பட்டினி. அவர்களில் ஏறத்தாழ 2,800 பேர் மாண்டனர். அதே பாதையில் நம்மவரும் இருந்தார்கள், தோழர்களே! மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், சாவகர் என ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் 90,000 அளவில் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆஸ்திரேலியப் படையினர்க்கு மருத்துவர் இருந்தனர். எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தனர். காஞ்சனபுரியில் கல்லறையும், கல்லில் பெயரும் இருக்கின்றன. அது நியாயம், அவர்களுக்கு அது உரியது. நம் தோட்டத் தொழிலாளிக்கு நெடுங்காலம் பட்டியலும் இல்லை, கல்லும் இல்லை. நினைவிலும் வகுப்புப் பிரிவினை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபடியும் ஒருமுறை

1964இல் மென்சீஸ் அரசு மீண்டும் கட்டாயச் சேவைச் சட்டம் கொண்டுவந்தது. இம்முறை மக்களைக் கேட்கவில்லை. இருபது வயது இளைஞர்களின் பிறந்தநாள் எண்களைக் குண்டுகளில் பொறித்து, பீப்பாயிலிட்டு உருட்டிக் குலுக்கல் நடத்தினார்கள். விழுந்த நாளில் பிறந்தவன் படையில் சேரவேண்டும்; வியட்நாமுக்கும் அனுப்பப்படலாம்! 1965 மே மாதம் நாடாளுமன்றத்தில் எழுந்து அந்தப் போரை எதிர்த்தவர் யார்? அதே ஆர்தர் கால்வெல், அப்போது எதிர்க்கட்சித் தலைவர். 1966 தேர்தலில் அவர் படுதோல்வி அடைந்தார். ஆனால் தாய்மார்கள் எழுந்தார்கள். மகன்களைக் காக்கும் இயக்கத்தைச் சேர்ந்த ஐந்து பெண்கள் 1971இல் மெல்பர்னில் சிறை புகுந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே 8 அன்று அந்நகரின் வீதிகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் அமைதியாக நடந்தார்கள். வியட்நாமில் இறந்த ஆஸ்திரேலியர் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ 200 பேர் குலுக்கலில் விழுந்த பிள்ளைகள். 1972 டிசம்பரில் காஃப் விட்லம் தலைமையில் தொழிற்கட்சி வென்றதும் முதல் வேலைகளில் ஒன்றாகக் கட்டாயச் சேர்ப்பை நிறுத்திற்று. மறுத்துச் சிறையிலிருந்தோரை விடுவித்தது. தோற்ற கால்வெல் உயிரோடிருந்து அதைக் கண்டார்.

தோழர்களே! ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று விடியலில் அந்நாட்டு மக்கள் கூடி நின்று இறந்தோரை நினைக்கிறார்கள். நினைக்கட்டும், அந்த இளைஞர்கள் அதற்குத் தகுதியானவர்கள். அக்டோபர் 28க்கு அப்படி ஒரு விடியல் வழிபாடு இல்லை. துப்பாக்கிக்கு எதிரே நிற்கும் துணிவு ஒன்று. ஊரே கோழை என்று ஏசும்போது, நாளேடு பழிக்கும்போது, தன் தலைவனே மறுபக்கம் போய்விட்டபோது, ஒரு சிறு சீட்டில் ‘வேண்டாம்’ என்று எழுதிவிட்டு வீடு திரும்பும் துணிவு மற்றொன்று. முதலாவதற்குச் சிலை உண்டு. இரண்டாவதற்குக் கட்சிகள்தாம் நினைவிடம்.

தலைவரைப் போற்றுவோம், அவர் கொள்கையைக் கடந்தால் நிறுத்துவோம். கொள்கையை மாற்றவேண்டிய காலம் வந்தால், கிளையைக் கேட்டு மாற்றுவோம். நமக்கு நியாயம் கேட்கும்போது மற்றவன் நியாயத்தை மிதிக்காமல் கேட்போம். இவை மூன்றையும் அந்தத் தொலைநாட்டுத் தொழிலாளர்கள் வெற்றியாலும் சொல்கிறார்கள். தம் பிழையாலும் சொல்கிறார்கள். கேட்டுக்கொள்வோம்.